தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது: ஒரு வரத்துக்காலை மீட்ட அனுபவம்

கிராம சபைக் கூட்டம் முடிந்த மறுநாள் அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், யார் எழுந்து பேசினார்கள், யார் யாரோடு சத்தம் போட்டார்கள், எத்தனை பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்பதையெல்லாம் ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆனால் அரசு அலுவலகத்தின் கணக்கில் அன்றைக்கு நடந்தது அந்தப் புத்தகத்தில் உள்ளது மட்டுமே. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு, அதாவது பாசன ஏரிக்கு, தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலைத் திறப்பதற்காக நாங்கள் சில ஆண்டுகள் உழைத்ததில் நான் கற்றவற்றில் பெரும்பகுதி, இந்தப் புத்தகத்தைச் சுற்றியே அமைந்தது.

மேலூரில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தட்டச்சும் உண்டு. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், சாதிச் சான்று, பாதைத் தகராறு என்று மனு எழுதிக்கொள்ள வருவோர் கடையில் எப்போதும் இருப்பார்கள். ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் கண்மாய்க்கு மனு எழுத வேண்டும் என்றதும் என்னிடம் வந்ததில் வியப்பில்லை. எழுதியும் கொடுத்தேன். திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்துக்கு அந்த மனுக்கள் போயின. நடந்தது என்ன என்பதைச் சொல்வதற்கு முன், கண்மாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு மேலூர் வட்டாரத்தின் வேளாண்மை கால்வாயை நம்பியதாக மாறியது. பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர் வரை விரியும் 85,563 ஏக்கர் ஒருபோகம். ஒருபோகப் பகுதியில், அதிலும் கிளைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் ஊர்களுக்கு, அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற செய்தி நாளிதழில்தான் முதலில் வந்து சேரும். தண்ணீர் பல நாள் கழித்து வரும், சில ஆண்டுகளில் வராமலே போகும். எங்கள் கண்மாய் அப்படிப்பட்ட இடத்தில் உள்ளது. எங்களுக்கு மேலே உள்ள மேலக் கண்மாய் நிறைந்து, மிகைநீர் வெளியேறும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் வரத்துக்கால் வழியே எங்கள் கண்மாய்க்கு வர வேண்டும். மேலக் கண்மாய் நிறைந்த ஆண்டுகளிலும் எங்கள் கண்மாயின் உள்வாயில் ஆடு மேய்ந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும்: வரத்துக்காலின் ஒரு பகுதியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது, இன்னொரு பகுதியில் நிலத்தை வாங்கி பிளாட் போட்டவர்கள் பாதைக்காகக் காலுக்குள் சிறிய குழாயைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டியிருந்தார்கள்.

காரணம் தெரிந்திருந்தும் மனு நகரவில்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகப் பதில் வந்தது. அங்கிருந்து, இது எங்கள் பராமரிப்பில் இல்லை என்று இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அந்த அலுவலகம், கண்மாய் எங்களுடையதுதான், ஆனால் ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறைதான் அளந்து தர வேண்டும் என்றது. வருவாய்த் துறையோ, அளப்பதற்கு உரிய துறை முறைப்படி கேட்க வேண்டும் என்றது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு பதிலும் அதனளவில் சரியானது. மனு எழுதுவதையே தொழிலாகக் கொண்டவள் என்பதால் சொல்கிறேன்: தனிமனிதர் கொடுக்கும் மனுவுக்குப் பதில் அனுப்பினால் கோப்பு முடிந்துவிடும், வேலை நடந்ததா என்பது வேறு கேள்வி.

ஆகவே மனுவை நிறுத்திவிட்டு ஆவணங்களைத் திரட்டத் தொடங்கினோம். கண்மாய் வேலையில் இறங்க நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதைத்தான். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும் (2021-க்கு முன்பு அது பொதுப்பணித் துறையின் பகுதி), அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். எங்களுடையது ஒன்றியக் கண்மாய். மேலக் கண்மாய் நீர்வளத் துறைக் கண்மாய். இரண்டுக்கும் நடுவில் ஓடும் கால் யாருடையது என்ற கேள்விக்குள் இத்தனை ஆண்டுகளும் அடங்கிக் கிடந்தன.

நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும், அதன் அளவையும் எல்லையையும் காட்டும் புலப்படத்தையும் இப்போது இணையத்திலேயே எடுக்கலாம். புல எண் தெரிந்தால் போதும். எங்கள் வரத்துக்கால் ஒரே புல எண்ணில் இல்லை. வரிசையாகப் பல எண்களில் வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தது. கிராம வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்து, அந்த எண்களுக்கெல்லாம் நீல மையில் வண்ணம் தீட்டினோம். சாவடியில் அதை விரித்துவைத்தபோது, கால் எங்கே போகிறது என்று நாற்பது ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ள பெரியவர்கள் சொன்ன தடமும் வரைபடத்தின் தடமும் ஓரிடத்தில் மட்டும் மாறுபட்டன. அங்கே கால் பழைய காலத்திலேயே இயற்கையாக விலகி ஒரு பட்டா நிலத்தின் ஓரமாக ஓடியிருக்கிறது. இதை முன்கூட்டியே அறிந்தது நல்லதாயிற்று. அந்த நிலத்துக்காரரை ஆக்கிரமிப்பாளர் பட்டியலில் சேர்த்திருந்தால் தேவையில்லாத ஒரு பகையைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஆவணத்தில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டோம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. இது பலருக்கும் தெரிந்ததே. தெரியாதது, கேள்வியை எப்படி அமைப்பது என்பது. “ஏன் தூர்வாரவில்லை?” என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்தச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத் தரச் சொல்கிறதே தவிர விளக்கம் தரச் சொல்லவில்லை. “இந்தக் கண்மாயில் இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை மேற்கொள்ளப்பட்ட பணிகளின் அளவுப் புத்தகத்தின் நகலைத் தருக” என்று, செய்த வேலையின் அளவுகள் பதிவாகும் புத்தகத்தைக் கேட்டால் தந்தாக வேண்டும். கோபத்தோடு எழுதப்பட்ட விண்ணப்பங்கள் என் கடைக்கு வாரம் தவறாமல் வருகின்றன. அவற்றில் கேள்விக்குறியை எடுத்துவிட்டு, நகல் தருக என்று மாற்றிக் கொடுப்பதுதான் நான் செய்யும் முதல் திருத்தம்.

இதற்குப் பிறகே கிராம சபைக்குப் போனோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைந்தபட்ச வருகை வைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கான பொருள் பட்டியலின் பெரும்பகுதி மேலிருந்து அச்சடித்து வந்துவிடும்: டெங்கு தடுப்பு, நெகிழி ஒழிப்பு, வரவு செலவு என்று. ஊரின் சொந்தச் சிக்கல் ‘இதர பொருள்’ என்பதற்குள் கடைசியாக வரும்; அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். ஆகவே கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே, எங்கள் பொருளைச் சேர்க்கும்படி எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கினோம்.

தீர்மான வாசகத்தையும் நாங்களே எழுதிக்கொண்டு போனோம். எங்கள் ஊர்த் தீர்மானப் புத்தகத்தின் பழைய பக்கங்களில், கண்மாயைத் தூர்வாரித் தர அரசைக் கேட்டுக்கொள்வது என்ற ஒரே வரி ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. அந்த வரியை எந்த அலுவலரிடம் காட்டினாலும் அவர் செய்ய வேண்டியது என்று அதில் எதுவும் இல்லை. புதிய வாசகம் இப்படி அமைந்தது: இந்தப் புல எண் முதல் இந்தப் புல எண் வரை உள்ள வாய்க்கால் புறம்போக்கை நில அளவர் மூலம் அளந்து எல்லைக்கல் நடுமாறு வட்டாட்சியரைக் கோருவது, அதற்கான கடிதத்தை ஊராட்சி பதினைந்து நாளுக்குள் அனுப்புவது, எடுக்கப்பட்ட நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் முதல் பொருளாக வைப்பது. இதில் அந்தக் கடைசிப் பகுதிக்குத்தான் வலிமை அதிகம் என்பது என் கருத்து. அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வது என்ற கவலை ஊராட்சிக்கு வந்துவிட்டால் கடிதம் தானாகவே போகும். குழாயை அகற்றுவது, கருவேலத்தை வெட்டுவது ஆகியவற்றையும் அதே தீர்மானத்தில் சேர்க்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். மறுத்துவிட்டோம். மூன்று கோரிக்கைகளை ஒன்றாக வைத்தால், எளிதான ஒன்றைச் செய்துவிட்டுத் தீர்மானமே நிறைவேறியதாகப் பதில் எழுதிவிட முடியும். கருவேலம் தனித் தீர்மானம், குழாய் தனித் தீர்மானம்.

கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு வந்தவுடன் வாங்கும் வருகைக் கையெழுத்துக்குக் கீழே, பிறகு நிதானமாகத் தீர்மானங்களை எழுதிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதைக் கெட்ட எண்ணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. ஊராட்சிச் செயலர் ஒருவரே வரி வசூல், குடிநீர், தெருவிளக்கு, வீட்டுத் திட்டம் என்று எல்லாப் பதிவேடுகளையும் சுமக்கிறார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் புத்தகம் இன்னும் தூரமாகப் போய்விடும். நாங்கள் அவருக்கு எழுத ஓர் ஆளைத் துணைக்குக் கொடுத்தோம். கூட்டம் நடக்கும்போதே எழுதி, எழுதியதை உரக்க வாசித்து, காலியிடத்தில் குறுக்குக் கோடு போட்டு, பிறகே கையெழுத்து என்பது வழக்கமாயிற்று. முதல் தடவை எழுந்து கேட்டவர் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அப்பத்தா. “நீங்க எழுதுறதெல்லாம் சரித்தேன், மொதல்ல வாசிச்சுக் காட்டு ஆத்தா, அப்பறம் கைநாட்டு வைக்கிறேன்” என்றார். படித்தவர்கள் பலருக்குக் கூச்சத்தால் வாயில் வராத கேள்வி அது.

அந்த அப்பத்தா பேசப் பழகியது கிராம சபையில் அல்ல; மகளிர் குழுவில். மதுரை மாவட்டத்தில் களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்கள் தொண்ணூறுகளில் இருந்தே வேரூன்றியவை. அழகர்கோயில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, விவசாயக் கூலியாக இருந்து குழுக்களைக் கட்டி வளர்த்து 2019-இல் பத்மஸ்ரீ பெற்றதை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. மாதந்தோறும் வட்டமாக உட்கார்ந்து, கடன் யாருக்கு, வட்டி எவ்வளவு, யார் பாக்கி என்று வாய்விட்டுக் கணக்குச் சொல்லிப் பழகிய பெண்களுக்கு, பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்பது இயல்பாகவே வருகிறது. உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு என்று 2016-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. ஆனால் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு, நூறு நாள் வேலைத் தளத்திலிருந்து வெகு தொலைவில் வைத்தால், ஒதுக்கீடு இருந்தும் பெண்கள் வர மாட்டார்கள். நேரத்தையும் இடத்தையும் மாற்றியது எங்கள் ஊரில் எந்த விழிப்புணர்வுப் பேச்சையும் விட அதிகப் பயன் தந்தது.

இடம் என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணச் சொல் அல்ல. மேலூருக்கு அருகே மேலவளவு ஊராட்சி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதையும், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று படுகொலை செய்யப்பட்டதையும் மறந்துவிட்டு இந்த வட்டாரத்தில் மக்கள் பங்கேற்பு பற்றி எழுதினால் அது நேர்மையாக இருக்காது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006 வரை பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்க முடியாமல் இருந்தது. இந்த வரலாறு முடிந்துபோனது என்று நினைப்பவர்கள், தங்கள் ஊரில் கிராம சபை எங்கே நடக்கிறது, அங்கே யார் நாற்காலியில், யார் தரையில், யார் வேலி ஓரத்தில் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தால் போதும். எங்கள் ஊரில் கூட்டம் ஊர் மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத்திடலில், நடந்துவந்தது. மந்தைக்கு வரத் தயங்கும் தெருக்காரர்கள் கூட்டத்துக்கு வரவில்லை. அவர்களுக்கு அக்கறை இல்லை என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். பள்ளி வளாகத்துக்கு மாற்றிய பிறகு வந்தார்கள். மாற்றுவதற்கு எதிர்ப்பு இருந்தது, சில வீடுகளோடு இன்றும் பேச்சுவார்த்தை இல்லை. அதை நயமாகச் சொல்லி மறைக்க நான் விரும்பவில்லை.

பணம் திரட்டும்போது இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவது ஊர் வழக்கம். கண்மாய்க்கும் அப்படியே போட்டுவிடலாம் என்றார்கள். ஆனால் தலைக்கட்டுப் பட்டியலில் இல்லாத குடும்பங்கள் உண்டு. அந்தப் பட்டியலை வைத்து வசூலித்தால் கண்மாயும் சிலருடைய கண்மாயாகிவிடும். மேலும், நிலம் இல்லாதவர் பாசனத்துக்கு ஏன் வரி கட்ட வேண்டும்? இறுதியில் ஆயக்கட்டு நிலம் உள்ளவர்கள் ஏக்கர் கணக்கில் கொடுப்பது, நிலமற்றவர்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் கண்மாய்ச் சங்கத்தில் அவர்களுக்கும் சம வாக்கு என்று முடிவானது. காசு கொடுக்காதவனுக்கு என்ன பேச்சு என்று கேட்டவர்களுக்கு ஓர் அண்ணன் சொன்ன பதிலோடு விவாதம் முடிந்தது: “கம்மா நெறைஞ்சா ஒனக்கு ரெண்டு மூடை கூட வரும். அவனுக்குக் கெணத்துல குடிக்கத் தண்ணி, ஆட்டுக்குப் புல்லு, பங்குனியில மீனு. ரெண்டு பேருக்கும் கம்மாதான்.”

வேலை தொடங்கியது வட்டாட்சியரிடமிருந்து அளவீட்டுத் தேதி வந்த பிறகுதான். எல்லைக்கல் நட்ட அன்று ஊரே வந்திருந்தது. அது தேவைதான், ஆனால் அளவரைச் சுற்றிக் கூட்டம் போட்டுக் கத்தாமல் இருக்க இருவரை மட்டும் சங்கிலியோடு நடக்கவிட்டு மற்றவர்களை மரத்தடியில் நிறுத்தினோம். அளந்ததில், பிளாட் வாங்கிய இரண்டு பேருடைய இடத்தின் ஓரம் காலுக்குள் வந்தது. அவர்கள் நிலத்தைக் கெடுத்தவர்கள் அல்லர். விற்றவர் காட்டிய கல்லை நம்பி வாங்கியவர்கள். இந்த வேறுபாட்டை ஊருக்குப் புரியவைப்பது கடினமாக இருந்தது. ஒருவரிடம் வரைபடத்தைக் கொடுத்து வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி வந்தோம். சில வாரங்களில் வேலியை அவரே தள்ளிப் போட்டுக்கொண்டார். இன்னொருவர் நீதிமன்றத்துக்குப் போனார். அது அவருடைய உரிமை. அந்த இடத்தில் கால் இன்றும் குறுகலாகவே இருக்கிறது. மற்ற இடமெல்லாம் திறந்துவிட்டதால் தண்ணீர் அதிலும் ஒருவாறு நுழைந்து வந்துவிடுகிறது.

குழாய்க்குப் பதில் சிறுபாலம் ஒன்றிய நிதியில் கட்டப்பட்டது. கருவேலம் அகற்றுவதை நாங்கள் எங்கள் பணத்தில் செய்தோம். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால், சந்தேகம் எழும் இடமும் அதுவே. இரண்டு தெருக்களிலிருந்தும் தலா ஒருவர், எந்திரம் தொடங்கிய நேரமும் நிறுத்திய நேரமும் குறித்துக் கையெழுத்திட்டார்கள். அன்றைய செலவு மாலையில் ரேஷன் கடைச் சுவரில் உள்ள பலகையில் ஏறியது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா என்றார்கள் இளைஞர்கள். படம் அனுப்ப அது நல்லது. கணக்குக்கு அது உதவாது. பலகையில் எழுதியதை ரேஷன் வரிசையில் நிற்கும் எல்லோரும் படிக்கிறார்கள், தவறு இருந்தால் அங்கேயே கேட்கிறார்கள். 2017-இல், விவசாயிகளின் பங்களிப்போடு நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டம் வந்தபோது விவசாயிகள் பங்காக 10 விழுக்காடு என்று வைத்திருந்தார்கள்; அந்தப் பங்கு உண்மையில் யார் கையிலிருந்து வந்தது என்று பல ஊர்களில் யாருக்கும் தெரியாமல் போனதற்கு, எழுதிவைக்கப் பலகை இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தீர்மானம் எழுதினால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமச் சுரங்கத் தொகுதியின் ஏல முடிவு வெளியானபோது, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 193.42 ஹெக்டேர் அளவில் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதியும் அதற்குள் வருவதை அறிந்து மேலூர் முழுவதும் கொதித்தது. நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைகளில் பல ஊராட்சிகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. அதோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் சென்ற பேரணி, கடைகள் அடைப்பு என்று தொடர்ந்ததால்தான் 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் அந்த வாரங்களில் என் கடையில் தீர்மான நகல்கள்தான் ஓயாமல் படியெடுக்கப்பட்டன. அதிகாரியைப் பார்க்கப் போனவர், வழக்கறிஞரைப் பார்க்கப் போனவர், செய்தியாளரைப் பார்க்கப் போனவர் எல்லோரும் அதைக் கையில் வைத்திருந்தார்கள். சில ஊர்கள் முத்திரையிட்ட நகல் வாங்காமல் விட்டுவிட்டு, பிறகு அலைந்தன. கூட்டம் முடிந்த வாரத்திலேயே சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

2025 ஜனவரி 5-உடன் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை என்றால் கிராம சபையும் இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை, சபை வாக்காளர்களுடையது, அது கூடிக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இப்போது மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம்தான் சூடான பொருள். கண்மாயில் தண்ணீர் நிற்கத் தொடங்கியதும் ஏலத்துக்குப் போட்டி வந்துவிட்டது. ஏலத்தொகையில் ஒரு பகுதியை வரத்துக்கால் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், ஏலமே வேண்டாம், பழையபடி மீன்பிடித் திருவிழா நடத்தி ஊரே இறங்கிப் பிடிக்கலாம் என்று இன்னொரு தரப்பும் நிற்கின்றன. இரண்டு வாசகங்களையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். எதை முதலில் வாசிப்பது என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.